தூரக் கிராமங்களுக்கு இணைய வசதி: லங்காஷயர்க் கமக்காரர் கையாண்ட முறை

நோய்கண்ட பயிரின் படத்தைப் போதனாசிரியருக்கு அனுப்புதல், மரக்கறியைப் பறிக்கும் முன்பே சந்தை விலையை அறிதல், மழை பற்றிய முன்னறிவித்தலைப் பார்த்தல் ஆகிய யாவும் இன்று இணையத்தின் மூலம் நடைபெறுகின்றன. ஆயின், பட்டினத்திலிருந்து தொலைவிலுள்ள கிராமங்கள் பலவற்றில் இவ்வசதி குறைவாகவே உளது. இத்தகைய குறையை இங்கிலாந்தின் கமக்காரர் சிலர் தமது முயற்சியால் எவ்வாறு நீக்கினர் என்பதை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

குறைக்குக் காரணம்

பழைய தொலைபேசிச் செப்புக் கம்பியிற் செல்லும் சமிக்ஞை, தூரம் கூடக்கூட வலுவிழக்கும். தொலைபேசி நிலையத்திலிருந்து சில கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள வீட்டில் இணையத்தின் வேகம் மிகக் குறைந்துவிடும். வாய்க்காலின் கடைமடைக்கு நீர் வந்து சேராமை போன்றதே இது. ஒளியிழையில் இக்குறை இல்லை. தலைமயிர் போன்று மெல்லிய கண்ணாடி இழையினூடாக ஒளி பல கிலோமீற்றர் தூரம் செல்லும்.

ஒளியிழைக்கு ஆகும் செலவு அதிகமன்று. அதைப் புதைப்பதற்கு நிலத்தை அகழும் செலவே பெரிதாகும். வீதியை வெட்டி மீண்டும் செப்பனிடுவதற்குப் பெரும்பணம் வேண்டும். வீடுகள் ஐதாக உள்ள கிராமத்தில் இப்பணம் திரும்பக் கிடையாதெனக் கருதிக் கம்பனிகள் பின்னிற்கின்றன.

லங்காஷயரில் நடந்தது

இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள லங்காஷயர் மாகாணத்தில், லூன் ஆற்றுப் பள்ளத்தாக்கை அண்டிய கிராமங்களில் ஆடு மாடு வளர்ப்போர் பலர் வாழ்கின்றனர். கால்நடைகளை இடம்மாற்றும்போது பதிவு செய்தற்கும் அரசாங்கப் படிவங்களை நிரப்புதற்கும் இவர்களுக்கு இணையம் தேவைப்பட்டது. பெரிய கம்பனிகள் தம்மிடம் வரமாட்டா என்பதை உணர்ந்த மக்கள், 2011 ஆம் ஆண்டில் தாமே ஒரு சங்கத்தை அமைத்தனர். வலையமைப்புத் துறையில் வல்லுநரான பாரி போட் என்பவரும், கமக்காரக் குடும்பப் பெண்ணாகிய கிறிஸ் கொண்டர் என்பவரும் இதில் முன்னின்று உழைத்தனர். சங்கத்தின் சுருக்கப் பெயரை ‘பார்ன்’ என உச்சரிப்பர். ஆங்கிலத்தில் இச்சொல் வைக்கோலும் தானியமும் சேர்த்து வைக்கும் கொட்டகையைக் குறிக்கும்.

அவர்கள் கையாண்ட முறை வருமாறு:

1. வீதியை விடுத்து, வயல்களினூடாகவும் புற்றரைகளினூடாகவும் பாதை வகுத்தனர். காணிக்காரர் எவ்விதக் கட்டணமும் பெறாது இதற்கு இணங்கினர்.

2. ஊரவர் சங்கத்திற் பங்குகள் வாங்கினர். பணத்துக்குப் பதிலாக உழைப்பைத் தந்தோருக்கும் பங்குகள் வழங்கப்பட்டன.

3. கமக்காரர் தமது சொந்த இயந்திரங்களால் நிலத்தை அகழ்ந்து, சிறு பிளாஸ்டிக் குழாய்களைப் புதைத்தனர். பின்னர் அழுத்தப்பட்ட காற்றினால் அக்குழாய்களுள் இழை செலுத்தப்பட்டது.

4. வீட்டு வளவினுள் குழாய் புதைக்கும் வேலையை வீட்டுக்காரரே செய்தனர்.

இதன் பயனாக, செக்கனுக்கு 1,000 மெகாபிற் வேகமுள்ள இணைப்பு, ஆரம்பத்தில் மாதம் 30 பவுண் கட்டணத்துக்குக் கிடைத்தது. அனுப்புதற்கும் பெறுதற்கும் வேகம் ஒன்றே. சில கிராமங்களில் தொடங்கிய இவ்வேலை அயல் மாகாணங்களுக்கும் பரவி, இன்று பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளாகப் பெருகியுளது.

நாம் கொள்ளத்தக்கவை

இம்முறையை அப்படியே இங்கு பின்பற்றல் இயலாது. இலங்கையில் தொலைத்தொடர்புச் சேவை நடத்துதற்கு 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். மேலும், நமது வயல்கள் சிறு துண்டுகளாகப் பலருக்கு உரியன, சேற்றுழவும் நடைபெறுவது. ஆயினும் அகழும் செலவும் காணிக்காரரின் இணக்கமும் எங்கும் ஒரே பிரச்சினையே. ஆதலால், கமக்கார அமைப்புகள் பின்வருவனவற்றைச் செய்யலாம்:

• இணைப்பு வேண்டும் குடும்பங்களின் பெயர்ப்பட்டியலைத் தயாரித்தல். பத்துப்பேர் தனித்தனியே கேட்பதினும் நூறு குடும்பங்கள் ஒன்றாகக் கேட்பது கம்பனிக்கு நம்பிக்கை தரும்.

• கம்பி செல்லத்தக்க பாதையை ஊரின் வரைபடத்திற் குறித்து, காணிக்காரரின் இணக்கத்தை எழுத்திற் பெறுதல்.

• குளக்கட்டையும் வாய்க்காற் கரையையும் எக்காரணங்கொண்டும் வெட்ட இடங்கொடாதிருத்தல். வெட்டிய கட்டு மழைக்காலத்தில் உடைந்தால், இணையத்தால் வரும் இலாபம் யாவும் ஒரே நாளிற் போய்விடும்.

• அகழும் வேலையை அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் இடைப்பட்ட காலத்தில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டல். உழவு இயந்திரத்தின் கொழு எட்டாத ஆழத்திற் குழாய் புதைக்கப்படுதல் வேண்டும்.

இணைப்பு வரும்வரை காத்திராது, பயிர் பற்றிய ஐயங்களை விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்திற் கேட்டறியலாம்.

வாய்க்காலைத் துப்புரவு செய்தற்கு ஒன்றுகூடும் கமக்காரர், இதற்கும் ஒன்றுகூடுதல் கடினமன்று. அடுத்த போகத்தின் ஆரம்பக் கூட்டத்திலேயே இவ்விடயத்தை எடுத்துப் பேசுவீர்களாக.