சுமை வண்டி வாங்குமுன்: டீசல் பிக்அப் தேர்வில் கவனிக்க வேண்டியவை

ஆந்திரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களும் நெருங்கிவரும் மூலையில், குப்பத்தை அடுத்து அமைந்துள்ளது குடுபல்லி. இப்பகுதித் தோட்டங்களில் பறிக்கப்படும் தக்காளி வி.கோட்டாவுக்கும் போகலாம், மதனப்பள்ளிக்கும் போகலாம், எல்லை கடந்து கோலாருக்கும் போகலாம். எந்தச் சந்தையில் விலை நன்றாக இருக்கிறதோ அங்கே அன்றே கொண்டு சேர்ப்பவருக்கே இலாபம். ஆகவே, சொந்தமாக ஒரு பிக்அப் வண்டி வேண்டும் என்ற எண்ணம் இங்குள்ள விவசாயிகளுக்கு எழுவது இயல்பே.

கடன் கேட்டு வருவோர் பெரும்பாலும் கேட்கும் முதற்கேள்வி, “எந்த வண்டி நல்ல வண்டி, சார்?” என்பதாகும். அதற்கு விடை கூறுமுன் வங்கி அலுவலர் திருப்பிக் கேட்க வேண்டியவை மூன்று: எவ்வளவு சுமை? எந்தப் பாதை? மாதத்தில் எத்தனை நடை? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தால் வண்டியின் பெயரைத் தேடுவது எளிது.

1. எடையை முதலில் அறிக

வண்டியின் பதிவுச் சான்றிதழில் இரண்டு எடைகள் குறிக்கப்பட்டிருக்கும். ஒன்று வெற்று எடை. மற்றொன்று மொத்த வாகன எடை. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடே வண்டி சட்டப்படி சுமக்கத்தக்க எடை. ஓட்டுநரும் உடன் வருவோரும் பின்னர்ப் பொருத்திய இரும்புக் கூண்டும் அந்த எடைக்குள்ளேயே அடங்க வேண்டும். ஒரு தக்காளிப் பெட்டி 25 கிலோ என்று கொண்டால், 60 பெட்டிகள் 1,500 கிலோ. அதற்குமேல் நால்வர் ஏறி அமர்ந்தால், 1,500 கிலோவுக்கென வாங்கிய வண்டி அப்போதே வரம்பைக் கடந்துவிடுகிறது.

மேலைநாடுகளில் கனமான படகை வண்டியின் பின் கட்டி இழுத்துச் செல்வோரும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள். படகின் எடையோடு அதைத் தாங்கும் டிரெய்லர், படகிலுள்ள எரிபொருள், சாமான்கள் ஆகிய அனைத்தையும் கூட்டி, வண்டியின் அனுமதிக்கப்பட்ட எடையோடு ஒப்பிட்ட பின்னரே புறப்படுகிறார்கள். இழுக்கும் வலிமையைவிட நிறுத்தும் வலிமையே முதன்மையானது என்பது அவர்களுடைய பாடம். பலமனேரிலிருந்து சித்தூர் செல்லும் வழியிலுள்ள மொகிலி மலைச்சரிவில் சுமையோடு இறங்கியவர்களுக்கு இப்பாடம் புதிதன்று.

அளவுக்கு மீறிய சுமைக்கு மோட்டார் வாகனச் சட்டம் (2019 திருத்தத்தின்படி) ₹20,000 அபராதமும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் ₹2,000 கூடுதலாகவும் விதிக்கிறது. மிகுதிச் சுமையை இறக்கிய பின்னரே வண்டி நகர முடியும். வெயிலில் இறக்கி வைத்த தக்காளியின் நிலையை விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

2. சட்ட வரம்புகள் இரண்டு

முதலாவது 3,000 கிலோ. மொத்த வாகன எடை இதற்கு மேற்படாத சரக்கு வாகனங்களுக்குப் பெர்மிட் தேவையில்லை. மேற்பட்டால் தேவை. நாள்தோறும் மாநில எல்லையைக் கடக்கும் இப்பகுதியினர், வண்டியை முன்பதிவு செய்யுமுன்பே தமக்கு எவ்வகைப் பெர்மிட்டும் வரியும் தேவைப்படும் என்பதைப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிதல் நன்று.

இரண்டாவது 7,500 கிலோ. இலகுரக வாகன ஓட்டுநர் உரிமம் உடையவர், இந்த எடைக்குட்பட்ட சரக்கு வாகனத்தைத் தனி ஒப்புதலின்றி ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. பிக்அப் வண்டிகள் இவ்வரம்புக்குள் அடங்குவதால், வீட்டிலுள்ள மகனே ஓட்டுநராக இருக்கலாம்.

3. இன்ஜினும் பராமரிப்பும்

டீசல் இன்ஜின் குறைந்த சுழற்சியிலேயே மிகுந்த திருகுவிசையைத் தருவதால், சுமையோடு மேடு ஏறுவதற்கு ஏற்றது. ஆனால் 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.-6 விதிகளுக்குப் பின் வந்த வண்டிகளைப் பழைய வண்டிகளைப் போல நடத்த இயலாது. புகைக்குழாயில் உள்ள வடிகட்டி கரித்துகளைப் பிடித்து வைத்து, இன்ஜின் நன்கு சூடேறும்போது எரித்து வெளியேற்றுகிறது. தோட்டத்துக்கும் ஊருக்குமாக மூன்று, நான்கு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் அந்த வெப்பம் கிடைப்பதில்லை, வடிகட்டி அடைபடுகிறது. எச்சரிக்கை விளக்கு எரிந்தால், கையேட்டில் கூறியபடி சீரான வேகத்தில் தொடர்ந்து ஓட்டிச் சுத்தமாக விட வேண்டும். குறுகிய ஓட்டமே மிகுதி என்றால், டீசல் வண்டி தேவைதானா என்று சிந்திப்பதும் நலம்.

சில மாதிரிகளில் யூரியாக் கரைசல் ஊற்றும் தனித் தொட்டி உண்டு. அதில் 32.5 விழுக்காடு தூய யூரியா கலந்த தரமான கரைசலையே ஊற்ற வேண்டும். வயலுக்கு இடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால், மிச்சமாகும் சில நூறு ரூபாய்க்காகப் பெருஞ்செலவு வந்து சேரும்.

4. எந்த நிறுவனத்து வண்டி?

மகேந்திரா பொலேரோ பிக்அப் வரிசை, டாடாவின் யோத்தா, இன்ட்ரா, அசோக் லேலண்டின் தோஸ்த், இசுசுவின் டி-மேக்ஸ் ஆகியவை நம் சாலைகளில் காணப்படுபவை. இவற்றுள் தோஸ்த் ஓசூரில் உருவாகி 2011-இல் அறிமுகமானது. இசுசுவின் இந்தியத் தொழிற்சாலை திருப்பதி மாவட்டத்து ஸ்ரீசிட்டியில் 2016 முதல் இயங்கி வருகிறது. எனினும் தொழிற்சாலை அருகிலிருப்பது முக்கியமன்று. பழுதுபார்க்கும் நிலையமும் உதிரிபாகக் கடையும் அருகிலுள்ளனவா என்பதே கேள்வி. குப்பத்திலோ பலமனேரிலோ கோலாரிலோ ஒரே நாளில் உதிரிபாகம் கிடைக்கும் வண்டி, நான்கு நாள் காத்திருக்க வைக்கும் உயர்ந்த வண்டியைவிட விவசாயிக்கு நம்பகமானது. அதே மாதிரியை இரண்டு, மூன்று ஆண்டுகளாக ஓட்டும் உள்ளூர்க்காரர் மூவரிடம் விசாரித்தறிவது விளம்பரத்தைப் படிப்பதினும் மேல்.

5. பழைய வண்டி வாங்குவோருக்கு

எங்கள் கிளை வாடிக்கையாளரான விவசாயி ஒருவர், வெளிமாநிலத்தில் ஓடிய ஒரு பிக்அப்பைக் குறைந்த விலைக்கு ரொக்கமாக வாங்கினார். பதிவுச் சான்றிதழில் முந்தைய கடன் கொடுத்தவரின் பெயர் நீக்கப்படாமல் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. பழைய உரிமையாளர் செலுத்தாத தவணைக்காக, அறுவடைக் காலத்தில் வண்டி பறிபோயிற்று. எங்களிடம் வந்தபோது அவர் கேட்டது கடனன்று, வழி. எங்களால் சொல்ல முடிந்ததோ மிகக் குறைவு.

இந்நிலை பிறருக்கு வாராதிருக்க, பணம் கொடுக்குமுன் பின்வருவனவற்றைச் சரிபார்த்துக்கொள்க:

• அடமானப் பதிவு நீங்கியதா? (முந்தைய கடன் நிறுவனம் கையொப்பமிட்ட படிவம் 35)
• வெளிமாநில வண்டியாயின் தடையின்மைச் சான்று உண்டா? (படிவம் 28)
• தகுதிச் சான்று, வரி, காப்பீடு நடப்பில் உள்ளனவா? சரக்கு வாகனங்களுக்கு முதல் 8 ஆண்டுகள் வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்கப்பட வேண்டும்.
• நிலுவை அபராதங்கள் உண்டா?
• புகை வடிகட்டி கழற்றப்படாமல் உள்ளதா?

6. வட்டியின் உண்மை முகம்

“ஏழு விழுக்காடு வட்டிதான்” என்று கூறி ஒருவர் கடன் தருகிறார். வங்கியோ பத்து விழுக்காடு என்கிறது. எது மலிவு? ₹8,00,000 கடனை 5 ஆண்டுகளில் அடைப்பதாகக் கொள்வோம்.

• நிலை வட்டி 7%: தொடக்க அசலின் மீதே ஐந்தாண்டுக்கும் கணக்கிடப்படும். வட்டி ₹2,80,000. மாதத் தவணை ₹18,000.
• குறையும் இருப்பின் மீது 10%: வட்டி ஏறத்தாழ ₹2,19,900. மாதத் தவணை ஏறத்தாழ ₹17,000.

சிறிய எண்ணாகத் தோன்றிய ஏழு, உண்மையில் குறையும் இருப்பில் ஏறக்குறைய பன்னிரண்டரை விழுக்காட்டுக்குச் சமம். எனவே எவரிடம் கடன் பெற்றாலும், “வட்டி நிலையான அசலின் மீதா, குறையும் இருப்பின் மீதா?” என்று கேளுங்கள். தகுதியுடைய சிறு தொழில் முனைவோர் முத்ரா திட்டத்தில் ₹10 லட்சம் வரை பிணையின்றிச் சரக்கு வாகனக் கடன் பெற வழியுண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்திருப்பதையும் விலைப்பட்டியலில் சரிபார்க்கவும்.

7. எத்தனை நடை ஓடினால் வண்டி தன்னைத் தானே காக்கும்?

கீழ்க்காணும் தொகைகள் எடுத்துக்காட்டே. உங்கள் தொகைகளை இட்டு நீங்களே கணக்கிடுக.

மாதாந்திர நிலைச் செலவு: தவணை ₹17,000; காப்பீடு, வரி, சான்றுகளுக்கு ₹5,000; டயர், பழுதுபார்ப்புக்கு ₹5,000; ஓட்டுநர் ஊதியம் ₹15,000. ஆக ₹42,000.

ஒரு நடைக்கான செலவு: சென்று திரும்ப 160 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 கிலோமீட்டர், டீசல் ₹96 எனில் ₹1,280. பிற செலவு ₹320. ஆக ₹1,600. வாடகை ₹4,000 எனில் ஒரு நடைக்கு மிஞ்சுவது ₹2,400.

₹42,000-ஐ ₹2,400-ஆல் வகுத்தால் 17.5; அதாவது மாதம் 18 நடை வேண்டும். உரிமையாளரே ஓட்டினால் நிலைச் செலவு ₹27,000. 12 நடை போதும். தக்காளிப் பருவத்தில் இது எளிது. பருவம் ஓய்ந்த மாதங்களில் அந்தப் பன்னிரண்டு நடைக்கு வேறு எந்தச் சுமை கிடைக்கும் என்பதற்கு விடை இல்லையெனில், வண்டியைச் சிறிதாக்குங்கள். அல்லது முன்பணத்தைக் கூட்டித் தவணையைக் குறையுங்கள். பருவ மாதங்களின் மிகுதியில் மூன்று தவணைக்கான தொகையைத் தனியே சேமித்து வைப்பதும் நல்ல வழி.

தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையானால் கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். பின்னர்ப் பயிர்க்கடன் பெறுவதும் கடினமாகும். விலை வீழ்ந்து தவணை தடுமாறும் என்று தோன்றியவுடனே கிளைக்கு வாருங்கள். முதல் மாதத்தில் வருபவருக்கு நாங்கள் செய்யக்கூடியவை பல. நான்காம் மாதத்தில் வருபவருக்குச் சிலவே.

நல்ல வண்டி எது என்ற கேள்விக்கு இப்போது விடை கூறலாம்: உங்கள் சுமையைச் சட்ட வரம்புக்குள் சுமந்து, உங்கள் ஊருக்கருகில் பழுது நீங்கி, உங்கள் மிகக் குறைந்த வருவாய் மாதத்திலும் தன் தவணையைத் தானே கட்டும் வண்டியே நல்ல வண்டி.