சத்தம் கேட்குது, சொல்லு புரியல

சிங்கப்பூரின் தேக்காவிலும் ஈசூனிலும் செம்பவாங்கிலும், காது மந்தமான பெரியவர் இருக்கும் வீடுகளில் தினமும் நடக்கும் பேச்சு ஒன்று உண்டு. “கொஞ்சம் சத்தமாப் பேசும்மா” என்பார் தாத்தா. பேத்தி குரலை உயர்த்துவாள். உடனே, “ஏன் இப்படிக் கத்துறே?” என்று முகம் சுளிப்பார். வயதாகிவிட்டால் இப்படித்தான் என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். ஆனால் தாத்தா சொன்ன இரண்டுமே உண்மை. இரைச்சலால் கெட்ட காதுக்கு மெல்லிய ஒலி எட்டுவதில்லை. பெரிய ஒலியோ மற்றவர்களுக்கு எப்படியோ அப்படியே உறைக்கிறது, சில சமயம் கூடுதலாகவும். கேட்கத் தொடங்கும் எல்லைக்கும் தாங்க முடியாத எல்லைக்கும் நடுவே இருந்த இடம் சுருங்கிவிட்டது. காது கேட்கும் கருவி அந்தச் சுருங்கிய இடத்துக்குள்தான் வேலை பார்த்தாக வேண்டும்.

இந்தச் சிக்கலை முழு வீச்சில் அனுபவிப்பவர்கள் வேட்டைக்காரர்கள். சருகு அசைவது கேட்க வேண்டும். அது எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். அடுத்த நொடியே காதருகில் துப்பாக்கி வெடிக்கும். சிங்கப்பூரில் வேட்டை ஏது என்று கேட்கலாம். ஒரு காலத்தில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில், இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளைக்கூடக் காலனி அரசு புலி வேட்டைக்குக் காட்டுக்குள் அனுப்பியது. 1902இல் பீச் ரோட்டில் உள்ள ராஃபிள்ஸ் ஹோட்டலின் பில்லியர்ட்ஸ் அறைக்கு அடியில் பதுங்கிய புலியை ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தின் தலைமையாசிரியர் சி. எம். ஃபிலிப்ஸ் சுட்டார். அது காட்சிக் கூடாரத்திலிருந்து தப்பிவந்த புலி. 1930இல் சுவா சூ காங்கில் சுடப்பட்டதையே தீவின் கடைசிக் காட்டுப்புலி என்பார்கள்.

புலிகள் போய்விட்டன, துப்பாக்கி வெடி கேட்ட காதுகள் நிறைய உண்டு. 1967இல் தேசிய சேவை தொடங்கியதிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஆண்கள் எம் 16, பிறகு எஸ்ஏஆர் 21 துப்பாக்கிகளைத் தோளில் வைத்துச் சுட்டிருக்கிறார்கள். 1968இல் கடற்படைத் தளத்திலிருந்து கப்பல் பட்டறையாக மாறிய செம்பவாங்கில் இரும்பைத் தட்டியும் அரைத்தும் உழைத்த தமிழரும் மலையாளிகளும் ஏராளம். அதே வேலையை இன்று ஜூரோங்கிலும் துவாசிலும் இன்னொரு தலைமுறை செய்கிறது. வேட்டைக்காரருக்குக் கருவி தேர்ந்தெடுக்கும்போது எழும் கேள்விகள் இவர்களுக்கும் அப்படியே பொருந்தும். தவறான நம்பிக்கைகளும் அவையேதான்.

“சத்தத்தைக் கூட்டிக் கொடுத்தால் போதும்”

மின்சாதனக் கடையில் மலிவு விலைக்குக் கிடைக்கும் ஒலிபெருக்கியை வாங்கி மாட்டிக்கொள்வது இந்த நம்பிக்கையால்தான். ஆனால் வெடியும் இரைச்சலும் காதை எல்லா இடத்திலும் ஒரே அளவில் கெடுப்பதில்லை. சேதம் பெரும்பாலும் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான உயர்ந்த ஒலிகளில் தொடங்கும்; காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் விழுந்தாற்போல் தெரியும். கீழே உள்ள ஒலிகள் அப்படியே இருக்கும்.

மொழியில் இது என்ன செய்கிறது என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த ஒலிகளில் இருக்கிறது. ச, ஸ, ஷ போன்றவற்றின் உரசலும், த, ட, க ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் நுண்ணிய வெடிப்பும் உயர்ந்த ஒலிகளில். மேலே பள்ளம் விழுந்த காதுக்குக் கத்தி, கட்டி, சட்டி, சக்தி எல்லாம் ஏறத்தாழ ஒன்றுதான். உயிரெழுத்து முழுசாக வந்து சேர்கிறது, மெய்யெழுத்து வழியில் உதிர்ந்துவிடுகிறது. “சத்தம் கேட்குது, சொல்லு புரியல” என்று பெரியவர்கள் சொல்வதற்கு இதுவே பொருள். ஆண்களின் கனத்த குரல் ஓரளவு புரிந்து, பேரப்பிள்ளையின் மெல்லிய குரல் மட்டும் புரியாமல் போவதும் இதனால்தான். பேத்தியிடம் மட்டும் தாத்தா திரும்பத் திரும்பக் கேட்பதைப் பார்த்து, அவள் மேல் அக்கறையில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

இப்படிப்பட்ட காதுக்கு எல்லா ஒலியையும் ஒன்றாகக் கூட்டினால், ஏற்கனவே நன்றாகக் கேட்கும் மின்விசிறி உறுமலும் பேருந்து இரைச்சலும்தான் கூடும். முறையான கருவி ஒவ்வோர் ஒலிப்பகுதியையும் தனித்தனியாகக் கையாளும். பள்ளம் உள்ள இடத்தில் மட்டும் உயர்த்தும். மெல்லிய ஒலியை அதிகம் உயர்த்தி, பெரிய ஒலியை உயர்த்தாமல் விடும். சருகுச் சத்தம் வேண்டும், வெடிச்சத்தம் வேண்டாம் என்ற வேட்டைக்காரரின் தேவையும், “சத்தமாப் பேசு, ஆனா கத்தாதே” என்ற தாத்தாவின் தேவையும் இங்கே ஒன்றாகிவிடுகின்றன.

“காதில் மெஷின் இருந்தால் அதுவே அடைப்பான்”

எல்லா நம்பிக்கைகளிலும் ஆபத்தானது இது. சுடும் நேரத்தில் கருவியை அணைத்துவிட்டால் அது காதை அடைத்துக் காக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. உயர்ந்த ஒலி மட்டும் குறைந்தவர்களுக்குப் பெரும்பாலும் கொடுக்கப்படுவது திறந்த முனை கொண்ட கருவி. அதன் மென்மையான குமிழில் துளைகள் இருக்கும். அணைத்தாலும் வெளிச்சத்தம் தாராளமாக உள்ளே போகும். காதை நிறைத்து அடைக்கும் வகைகள்கூடப் பாதுகாப்புக்கென்று சோதித்துச் சான்று பெற்றவை அல்ல.

சிங்கப்பூரின் 2011ஆம் ஆண்டு வேலையிட இரைச்சல் விதிமுறைகள் வகுத்துள்ள வரம்பு, 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் தாங்கும் நேரம் பாதியாகும்: 88க்கு 4 மணி நேரம், 91க்கு 2 மணி நேரம், 100க்கு வெறும் 15 நிமிடம். துப்பாக்கி வெடி இந்தக் கணக்கிலேயே அடங்காது. 140 டெசிபலைத் தாண்டும் திடீர் வெடி ஒரே முறையிலும் காதைக் கெடுக்கக்கூடும். ரைஃபிள் வெடி சுடுபவரின் காதருகே அதையும் தாண்டிப் போகும்.

ஆகவே பாதுகாப்பு தனி, கருவி தனி. சுடும் இடத்தில் காதுக் கவசம் கட்டாயம். மெல்லிய ஒலியை உள்ளே விட்டு வெடியை மட்டும் தடுக்கும் மின்னணுக் காதுக் கவசங்கள் இருக்கின்றன. வெளிநாட்டு வேட்டைக்காரர்களும் போட்டியாளர்களும் அவற்றை அணிகிறார்கள். கவசத்துக்கு அடியில் கருவியையும் அணிந்தால் சிலருக்கு விசிலடிக்கும். அதனால் வாங்கப் போகும் கவசத்தைச் செவிப்புலன் நிபுணரிடம் எடுத்துச் சென்று, இரண்டையும் சேர்த்து அணிந்து பார்ப்பது நல்லது.

சுட்டு முடித்தபின் காதுக்குள் ‘ங்’ என்று ரீங்காரம் கேட்டு, மறுநாள் சரியாகிவிட்டால் ஒன்றும் ஆகவில்லை என்பது இதன் கிளை நம்பிக்கை. பாஸ்டனில் ஷரோன் குஜாவா, சார்ல்ஸ் லிபர்மன் இருவரும் எலிகளை வைத்துச் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வு இதை உலுக்கியது. கேட்கும் அளவு முழுதாகத் திரும்பிய எலிகளிலும், உள்காதின் மயிரணுக்களையும் நரம்பையும் இணைக்கும் முனைகள் நிரந்தரமாக அழிந்திருந்தன. இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்: ஒரு காது திடீரென்று ஒரே நாளில் கேட்காமல் போனால், காதுக் குறும்பி அடைத்திருக்கும் என்று காத்திருக்கக் கூடாது. அது அவசர மருத்துவம் தேவைப்படும் நிலை. நாள் கடக்கக் கடக்கச் சிகிச்சையின் பலன் குறையும்.

“கெட்டது ஒரு காது, அதற்கு மட்டும் போதும்”

வலது தோளில் துப்பாக்கியை வைப்பவருக்கு இடது காது குழல் முனையை நோக்கி இருக்கும். வலது காது தலையின் நிழலில் ஒதுங்கிவிடும். அதனால் பல துப்பாக்கிக்காரர்களுக்கு இடது காது முந்திக்கொண்டு கெடுகிறது. ஒரு கருவி போதும் என்ற எண்ணம் இதிலிருந்து பிறக்கிறது. உண்மையில் வலது காதும் பெரும்பாலும் கெட்டுத்தான் இருக்கும், கொஞ்சம் பின்தங்கி.

ஒலி எங்கிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு காதுகளையும் ஒப்பிட்டே கண்டுபிடிக்கிறது. பக்கத்திலிருந்து வரும் ஒலி ஒரு காதை மற்றதைவிட ஏறக்குறைய 0.6 மில்லி நொடி முன்னதாக எட்டும். அந்த அற்ப இடைவெளியும், இரு காதுகளுக்கும் இடையிலான சத்த வேறுபாடும்தான் திசையைச் சொல்கின்றன. இரண்டு காதும் குறைந்திருந்து ஒன்றுக்கு மட்டும் கருவி போட்டால் ஒப்பீடு குலையும். வேட்டைக்காரர் மான் இருக்கும் பக்கத்தைத் தவறவிடுவார். அதைவிட மோசம், உடன் வந்தவர் எங்கே நிற்கிறார் என்பது தெரியாமல் போவது. சிராங்கூன் சாலையைக் கடக்கும் பெரியவருக்கு மின்சைக்கிள் எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியாது. இரண்டு காதும் குறைந்தவருக்கு இரண்டு கருவி என்பது வியாபாரத் தந்திரம் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

“சின்னதாக, வெளியே தெரியாததாக, விலை கூடியதாக இருந்தால் நல்லது”

காதுத் துளைக்குள் முழுதாக ஒளிந்துகொள்ளும் கருவியைத்தான் பலர் முதலில் கேட்கிறார்கள். வெட்கம் புரிகிறது, அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் தாழ்ந்த ஒலி நன்றாகக் கேட்பவரின் காதை இப்படி அடைத்துவிட்டால், தன் குரலே குடத்துக்குள் பேசுவதுபோல் அவருக்குக் கேட்கும். அப்படி வாங்கிய கருவிகள்தான் பெரும்பாலும் மேசை இழுப்பறையில் தூங்குகின்றன. இவர்களில் பலருக்குக் காதுக்குப் பின்னால் உட்கார்ந்து, மெல்லிய கம்பி வழியே திறந்த முனையை உள்ளே அனுப்பும் வகை பொருந்துகிறது.

சிங்கப்பூரின் ஈரக்காற்றும் வியர்வையும் இன்னொரு கணக்கு. நீர், தூசு புகாமல் காக்கும் தரக் குறியீடு என்ன என்று கேட்டு வாங்க வேண்டும். இரவில் வைக்க உலர்த்தும் பெட்டி ஒன்று வேண்டும். மாற்றிப் போடும் துத்தநாக பேட்டரி காற்றை இழுத்து வேலை செய்யும். வியர்வை அதன் துளையை அடைத்தால் கருவி நின்றுவிடும், பழுதே இல்லாமல். பேட்டரி வண்ணங்களைத் தெரிந்துவைத்துக்கொண்டால் கடையில் திணற வேண்டாம்: 10ஆம் எண் மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். விரல் நடுங்கும் முதியவருக்கு இந்தக் குட்டி பேட்டரியை மாற்றுவதைவிட, சார்ஜரில் வைத்து எடுக்கும் வகை நிம்மதி. பல நாள் காட்டில் தங்கும் வேட்டைக்காரருக்கோ மின்சாரம் கிடையாது. அவருக்கு மாற்றும் பேட்டரியே மேல். ஒரே கருவி எல்லாருக்கும் சிறந்ததாக இருக்க முடியாது.

விலையை விடப் பெரிய வேறுபாட்டைத் தருவது பொருத்தும் விதம். மெல்லிய குழாயில் அமைந்த மைக்ரோஃபோனைக் காதுக்குள் வைத்து, கருவி தரும் ஒலி அந்தக் காதுக்குள் உண்மையில் எவ்வளவு எட்டுகிறது என்று அளந்து சரிசெய்யும் முறை இருக்கிறது. அதைச் செய்து தருவார்களா என்று முன்கூட்டியே கேட்கலாம். செய்யாத இடத்தில் வாங்கும் விலை உயர்ந்த கருவியைவிட, செய்து கொடுக்கப்படும் நடுத்தரக் கருவியே மேல் என்பது இக்கட்டுரையின் கருத்து.

“முடிந்தவரை தள்ளிப்போடலாம், போட்டால் காது சோம்பேறியாகிவிடும்”

சரியாகப் பொருத்திய கருவி காதைக் கெடுப்பதில்லை. தள்ளிப்போடும் ஆண்டுகளில்தான் இழப்பு சேர்கிறது: மெய்யெழுத்து கேட்டுப் பழகிய மூளைக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போகிறது. மறதிநோய்க்கும் காது மந்தத்துக்கும் உள்ள உறவைப் பற்றிப் பேசும்போது மட்டும் மிகைப்படுத்தக் கூடாது. அமெரிக்காவில் 70 முதல் 84 வயதுவரையிலான 977 பேரை 3 ஆண்டுகள் தொடர்ந்த ‘அச்சீவ்’ ஆய்வு 2023இல் வெளிவந்தது. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தபோது கருவி அணிந்தவர்களின் சிந்தனைத்திறனில் வேறுபாடு இல்லை. ஆனால் மறதிநோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்த பிரிவினரில் மட்டும் பார்த்தால், சரிவு 48 விழுக்காடு மெதுவாக இருந்தது. கருவி மறதிநோயைத் தடுக்கும் மருந்து என்று விற்பவரை நம்ப வேண்டாம். பயனே இல்லை என்பவரையும்தான்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுவோருக்கு வழி இருக்கிறது. 60 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்குப் பார்வை, செவி, வாய்நலம் மூன்றையும் சோதிக்கும் திட்டம் சமூக அளவில் நடக்கிறது. வருமானத் தகுதி உள்ள முதியோருக்கு, ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு நடத்தும் நிதி காது கேட்கும் கருவி விலையில் 90 விழுக்காடு வரை ஏற்கிறது. இந்த உதவிக்கு மருத்துவரின் அல்லது நிபுணரின் மதிப்பீடு தேவை என்பதால், கருவியை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு விசாரிக்கக் கூடாது. தேக்காவாசிகளுக்குப் பலதுறை மருந்தகத்தில் கடிதம் வாங்கிக்கொண்டால் டான் டோக் செங் மருத்துவமனை எட்டும் தூரம்தான். கப்பல் பட்டறை போன்ற இரைச்சல் வேலையில் இருப்பவர்களுக்கு முறையான செவிச்சோதனை நடத்துவது முதலாளியின் சட்டக் கடமை. அதன் பிரதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது தொழிலாளிக்கு நல்லது.

கருவி கைக்கு வந்த முதல் வாரம் கடினமாகத்தான் இருக்கும். வருடக்கணக்கில் கேட்காத தாள் சலசலப்பும் குழாய்நீர்ச் சத்தமும் எரிச்சலூட்டும். கழற்றி வைக்கத் தோன்றும். வீட்டு அமைதியில் நாளுக்குச் சில மணி நேரம் அணியத் தொடங்கி, பிறகு ஞாயிற்றுக்கிழமை மாலை வெளிநாட்டு ஊழியர்கள் நிறைந்த பஃப்ளோ ரோட்டில் ஒரு நடை நடந்து பார்க்கலாம். எங்கே யார் பேசியது புரியவில்லை, எந்தச் சத்தம் குத்தியது என்று ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு போனால், நிபுணர் அதைப் பார்த்தே கருவியைத் திருத்துவார். அடுத்த சந்திப்புக்குப் போகும்போது பேத்தியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் திருத்தி முடித்ததும், அவள் எப்போதும்போல், குரலை உயர்த்தாமல் பேசட்டும்.