ஆமைக்காக இறாலைத் தடுக்கலாமா?

கேள்வி: சுற்றுச்சூழலைக் காரணம் காட்டி ஒரு நாடு இறக்குமதியைத் தடுத்தால் உலக வர்த்தக அமைப்பு ஏற்குமா?

பதில்: ஏற்கும், பாரபட்சம் இல்லாவிட்டால். இறால் வழக்கையே பாருங்கள். இழுவலையில் சிக்கும் கடலாமைகள் மூச்சுமுட்டிச் சாகின்றன. வலைக்குள் கம்பித் தட்டி ஒன்றைச் சாய்வாகப் பொருத்தினால், இறால் கம்பி இடுக்கில் நுழைந்து பைக்குள் போய்விடும். ஆமை தட்டியில் முட்டி, திறப்பு வழியே தப்பிவிடும். இதைக் கட்டாயமாக்காத நாடுகளின் இறாலை அமெரிக்கா தடுத்தது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து வழக்குத் தொடுத்தன. 1998-இல் மேல்முறையீட்டு அமைப்பு, ஆமையைக் காக்கும் நோக்கம் சரியே என்றது. கரீபியப் பகுதி நாடுகளுக்கு 3 ஆண்டு அவகாசம், இந்த நால்வருக்கு 4 மாதம் என்பது போன்ற ஓரவஞ்சனையைத்தான் கண்டித்தது. மிக நியாயமான தீர்ப்பு என்பேன். அமெரிக்கா நடைமுறையைத் திருத்திக்கொண்டது. மலேசியா மறுபடி முறையிட்டும், 2001-இல் தடை செல்லும் என்றே முடிவானது.