மேல்வரியில் இருக்கும் மொழி

கேள்வி: என் மகன் டப்ளினில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். கடந்த கோடையில் ஒரு மாதம் அவனோடு தங்கியிருந்தேன். சாலைப் பலகை ஒவ்வொன்றிலும் மேலே சாய்வெழுத்தில் ஒரு மொழி, கீழே ஆங்கிலம். ஆனால் அந்த மேல்வரி மொழியை ஒருவர் வாயிலிருந்தும் நான் கேட்கவில்லை. மகனைக் கேட்டால், “அது ஐரிஷ்ப்பா, செத்துப்போன மொழி” என்கிறான். கால்டுவெல் பிறந்த நாட்டின் மொழி உண்மையிலேயே செத்துவிட்டதா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வள்ளியூர்

பதில்: 

சாகவில்லை. ஆனால் உங்கள் மகனைக் குறை சொல்லவும் முடியாது. டப்ளினிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் பலரும் அப்படித்தான் சொல்வார்கள். அயர்லாந்தின் 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ‘ஐரிஷ் பேசத் தெரியும்’ என்றவர்கள் ஏறத்தாழ 18 லட்சத்து 70 ஆயிரம் பேர், அதாவது நூற்றுக்கு நாற்பது பேர். பள்ளிக்கூடத்துக்கு வெளியே தினமும் பேசுகிறோம் என்றவர்களோ 72 ஆயிரத்துக்கும் குறைவு. பள்ளியில் கட்டாயப் பாடமாகப் பன்னிரண்டு பதின்மூன்று வருடம் படிக்கிறார்கள். தேர்வு முடிந்ததும் புத்தகத்தோடு மொழியையும் மூடிவைத்துவிடுகிறார்கள்.

கால்டுவெல்லைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அவர் 1814-இல் ஆன்ட்ரிம் மாவட்டத்துக் கிளாடியில், ஸ்காட்லாந்து வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர். சிறுவனாக இருக்கும்போதே குடும்பம் கிளாஸ்கோவுக்குப் போய்விட்டது. அவர் பிறந்தபோது அயர்லாந்தின் மேற்கிலும் தெற்கிலும் லட்சக்கணக்கான வீடுகளில் ஐரிஷ்தான் அடுப்படி மொழி. 1856-இல் அவருடைய திராவிட ஒப்பிலக்கணம் வெளிவந்தது. இடைப்பட்ட அந்த நாற்பது வருடத்தில்தான் ஐரிஷ் மீது இடி விழுந்தது.

1845-இல் உருளைக்கிழங்கில் ஒரு நோய் வந்தது. செடி கருகி, மண்ணுக்குள்ளேயே கிழங்கு அழுகியது. ஏழைக் குடியானவர்களுக்கு மூன்று வேளையும் அந்தக் கிழங்குதான் சாப்பாடு. அதிலும் ‘லம்பர்’ என்ற ஒரே ரகத்தையே பெரும்பாலும் நட்டிருந்தார்கள். அடுத்த ஆறேழு வருடத்தில் பத்து லட்சம் பேர் பசியிலும் காய்ச்சலிலும் மடிந்தார்கள். இன்னும் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். அதே வருடங்களில் அங்கே விளைந்த தானியமும் வளர்ந்த மாடுகளும் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. இதை எழுதும்போது இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது. 1841-இல் 82 லட்சமாக இருந்த தீவின் மக்கள்தொகை 1851-இல் 65 லட்சமாகிவிட்டது. அந்த 82 லட்சத்தைத் தீவு இன்றுவரை மறுபடி எட்டவில்லை.

அந்தப் பஞ்சத்தில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1847-இல் அமெரிக்காவின் சோக்டா பழங்குடியினர் தங்களுக்குள் பணம் திரட்டி 170 டாலர் அனுப்பினார்கள். சொந்த மண்ணிலிருந்து துரத்தப்பட்டு, வழியில் பிள்ளைகளைப் புதைத்துக்கொண்டே நடந்தவர்கள் அவர்கள். அது நடந்து இருபது வருடம்கூட ஆகியிருக்கவில்லை. கார்க் மாவட்டத்து மிடில்டனில் அதற்காக ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. எஃகினாலான ஒன்பது கழுகு இறகுகள் வட்டமாக நின்று ஒரு கிண்ணம்போலத் தோன்றும். அடுத்த முறை போனால் அவசியம் பாருங்கள்.

மொழிக்கு வருகிறேன். பஞ்சம் கடுமையாக அடித்தது மேற்குக் கரையை. ஐரிஷ் செழித்திருந்ததும் அங்கேதான். செத்தவர்களிலும் புறப்பட்டவர்களிலும் பெரும்பங்கு ஐரிஷ் பேசியவர்கள். எஞ்சியவர்களின் மனத்தில் ஒரு கணக்கு உட்கார்ந்துவிட்டது: பிள்ளை பாஸ்டனுக்கோ லிவர்பூலுக்கோ போனால்தான் பிழைக்கும், போவதற்கு ஆங்கிலம் வேண்டும். 1831 முதல் வந்த அரசுப் பள்ளிகளில் போதனை ஆங்கிலத்தில். பல ஊர்களில் பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டித் தொங்கவிடுவார்கள். ஐரிஷில் ஒரு வார்த்தை பேசினால் குச்சியில் ஒரு வெட்டு. நாள் முடிவில் வெட்டுகளை எண்ணி அத்தனை அடி. வாத்தியார் மட்டும் செய்ததாக நினைக்காதீர்கள். தங்களுக்குள் ஐரிஷில் பேசிக்கொண்ட தாய்தகப்பனே பிள்ளையின் குச்சியில் வெட்டுப் போட்டுப் பள்ளிக்கு அனுப்பியது உண்டு. பிள்ளை பிழைக்க வேண்டும் என்ற தவிப்புத்தான் அது. 1851-இல் 15 லட்சமாக இருந்த ஐரிஷ் பேசுவோர் நாற்பதே வருடத்தில் ஏழு லட்சத்துக்கும் கீழே போனார்கள்.

சட்டம் போட்டு இந்த மொழியைத் தடுக்கவும் முன்பு முயன்றதுண்டு. 1366-இல் கில்கென்னியில் ஒரு சட்டம் போட்டார்கள்: அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயர் ஐரிஷ் பேசக் கூடாது, பேசினால் நிலம் போய்விடும். வந்தவர்களையே தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் வலு அன்றைக்கு அந்த மொழிக்கு இருந்தது. சட்டம் பெரிதாகப் பலிக்கவில்லை. பஞ்சம்தான் பலித்தது.

ஊர்ப்பெயர்களும் தப்பவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நில அளவைக்காரர்கள் வரைபடம் போட்டபோது ஐரிஷ் பெயர்களை ஆங்கிலக் காதுக்கு எட்டியபடி எழுதினார்கள். ‘கில்’ என்று தொடங்கும் ஊர்கள் பலவும் ‘கில்’, அதாவது தேவாலயம், இருந்த இடங்கள். ‘பாலி’ என்று தொடங்குபவற்றில் ஒளிந்திருப்பது ‘பால்யா’, ஊர். தூத்துக்குடி ‘டூட்டிக்கோரின்’ ஆனதைப் பார்த்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீங்கள் பார்த்த பலகையின் மேல்வரி அந்தப் பழைய பெயரைத்தான் திருப்பித் தருகிறது. டப்ளினில் ‘அன் லார்’ என்று எழுதிய பேருந்தைப் பார்த்திருப்பீர்கள். அது ஊர்ப்பெயர் அல்ல, ‘நகர மையம்’ என்று பொருள்.

தமிழாசிரியருக்கு இலக்கணம் சொல்லாமல் விடலாமா? ஐரிஷில் ‘ஆம்’, ‘இல்லை’ என்று தனிச் சொற்கள் கிடையாது. “வந்தாயா?” என்றால் “வந்தேன்” என்று வினையையே திருப்பிச் சொல்ல வேண்டும். ‘ஹேவ்’ என்ற வினையும் கிடையாது. ‘தா லவர் அகம்’ என்றால் ‘என்னிடம் புத்தகம் இருக்கிறது’. அதில் ‘அகம்’ என்பதுதான் ‘என்னிடம்’. நம் ‘அகம்’ காதில் விழுகிறதே என்று உறவு கொண்டாடிவிடாதீர்கள், அது வெறும் தற்செயல். ஐரிஷ் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்துக் கெல்டிக் மொழி. அதில் பசியும் துக்கமும் ஒருவர் மேல் வந்து இருப்பவை. ‘என் மேல் துக்கம் இருக்கிறது’ என்பார்கள்; நாளைக்கு அது இறங்கியும் போகலாம். இந்த வாக்கிய அமைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். அவர்கள் பேசும் ஆங்கிலத்திலும் ஐரிஷ் எட்டிப்பார்க்கும். மகனின் அலுவலகத்தில் யாராவது ‘ஐயாம் ஆஃப்டர் ஈட்டிங்’ என்றால் சாப்பாட்டைத் தேடிப் போகிறார் என்று எண்ணாதீர்கள். இப்போதுதான் சாப்பிட்டு முடித்தார் என்று பொருள்.

மீட்பு வேலை 1893-இல் சூடுபிடித்தது. டக்ளஸ் ஹைட் என்பவர் புராட்டஸ்டண்ட் பாதிரியாரின் மகன். ஐரிஷை ராஸ்காமன் மாவட்டத்துக் கிராமத்து ஜனங்களிடம் கேட்டுக் கேட்டுக் கற்றவர். அவரும் நண்பர்களும் கேலிக் லீகைத் தொடங்கி ஊர் ஊராக வகுப்பு நடத்தினார்கள். நாடு விடுதலை பெற்ற பிறகு, 1937 அரசமைப்புச் சட்டத்தில் ஐரிஷ் முதல் அலுவல் மொழியாயிற்று. அடுத்த ஆண்டு ஹைட்டே நாட்டின் முதல் குடியரசுத் தலைவர்.

ஆனால் என்னை அதிகம் உருக்குவது அந்தச் சட்டமோ பதவியோ அல்ல, பிள்ளைகள் செய்த ஒரு வேலை. 1937 முதல் 1939 வரை நாடு முழுதும் ஏறக்குறைய 5,000 பள்ளிகளில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்கள்: பாட்டி, தாத்தா, பக்கத்து வீட்டுக் கிழவர் ஆகியோரிடம் கேட்டு எழுதி வா. 50,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதினார்கள். கைமருத்துவம், பழமொழி, மழைக்குறி, பேய்க்கதை, விளையாட்டு, வெண்ணெய் கடைவதில் பார்க்கும் சகுனம், பஞ்ச காலத்தில் எந்த வயலில் யாரைப் புதைத்தார்கள் என்பதுவரை. ஏழு லட்சத்து நாற்பதாயிரம் பக்கங்கள். பெரும்பகுதி ஆங்கிலத்திலும் மீதி ஐரிஷிலும் இருக்கின்றன. எந்த ஆங்கிலத்துக்காகக் கழுத்தில் குச்சியைத் தொங்கவிட்டார்களோ அதே ஆங்கிலத்தில், மொழி போன பிறகும் போகாத நினைவைப் பேரப்பிள்ளைகள் எழுதிவைத்தார்கள். இப்போது அவை இணையத்தில் எல்லாருக்கும் திறந்திருக்கின்றன. ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைக் கையெழுத்தைத் திருத்தியே வாழ்ந்த உங்களுக்கு எழுந்திருக்க மனம் வராது.

காதால் கேட்க வேண்டுமானால் டப்ளினில் தேடாதீர்கள். கால்வே நகரைத் தாண்டி மேற்கே கொனமாராவுக்குப் போங்கள். போகப் போகப் பலகையில் கீழ்வரி மறைந்துவிடும். கடையில் கிழவிகள் விலை பேசுவதும், பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் சண்டை போடுவதும் ஐரிஷில் நடக்கும். தேநீர் வாங்கிக்கொண்டு ‘குர மஹ் அகத்’ என்று சொல்லுங்கள். நன்றி என்று பொருள். சொல்லுக்குச் சொல் பார்த்தால், ‘உன்னிடம் நன்மை இருக்கட்டும்’.