மரத்தளத்துக்குச் சாயம் பூசுவோம்

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உள்ள பழைய வீடுகள் சிலவற்றில் வாசலை ஒட்டி மரப்பலகை பாவிய தளம் இருப்பதைப் பார்த்திருப்போம். மழையும் வெயிலும் மாறி மாறி விழும் இத்தளம், கவனிப்பாரற்று விடப்பட்டால் சில ஆண்டுகளிலேயே சாம்பல் நிறமாகி, வெடித்து, உளுத்துப் போகும். அதைக் காக்கும் வழியை எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில், கோடை விடுமுறையில், அவள் தந்தையுடனும் தச்சருடனும் சேர்ந்து வேலை செய்து கற்றுக்கொண்டோம். கற்றதை இங்கே எழுதுகிறோம்.

மரம் கெடுவது ஏன்?

மரத்தின் நார்களை ஒன்றோடொன்று பிணைத்து வைப்பது லிக்னின் என்னும் பொருள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் இந்த லிக்னினைச் சிதைக்கின்றன. சிதைந்ததை மழை கழுவிச் செல்கிறது. எஞ்சி நிற்கும் நார்தான் நாம் காணும் சாம்பல் நிறம். மேலும், மரம் ஈரத்தில் உப்புகிறது, வெயிலில் சுருங்குகிறது. இவ்வாறு பலமுறை நிகழ்ந்தால் வெடிப்பு தோன்றும். மரத்தின் ஈரம் சுமார் 20 சதவீதத்துக்கு மேல் நெடுநாள் நின்றால் பூஞ்சை பற்றும். அதுவே உளுத்தலின் தொடக்கம்.

பெயிண்டா, சாயமா?

பெயிண்ட் மரத்தின் மேல் ஒரு தோல் போலப் படிகிறது. நடமாட்டம் உள்ள தளத்தில் அத்தோல் தேய்ந்து கிழியும். கிழிந்த இடத்தில் நீர் புகுந்து, வெளியேற வழியின்றி உள்ளே தங்கும். மரச்சாயமோ பலகைக்குள் ஊறுகிறது. அதிலுள்ள நிறத்தூள் வெயிலைத் தடுக்கிறது. எண்ணெய் நீரைத் தடுக்கிறது. ஆதலால் உரியாது, நாளடைவில் மங்கும், அவ்வளவே. மீண்டும் பூசுவதும் எளிது. நிறமே இல்லாத தெளிந்த எண்ணெய் வெயிலை அதிகம் தடுப்பதில்லை என்பதையும் நினைவில் கொள்வோம்.

முதலில் செய்ய வேண்டியவை

பழைய பெயிண்ட் இருந்தால் உடனே தேய்க்கத் தொடங்கக் கூடாது. பழைய பெயிண்டுகளில் ஈயம் கலந்திருக்கலாம். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஈயத் தூசி சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆதலால் பழைய பெயிண்டை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பலாகாது. அவ்வேலையை அனுபவமுள்ள பெரியவர்களிடமே விட்டு, சிறுவர்களை அவ்விடத்துக்கு அனுப்பாதிருப்போம்.

பெயிண்ட் இல்லாத தளத்தைச் சோப்பு நீர் விட்டு, நார் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவலாம். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். உதிரும் இரும்புத் துகள் மரத்தின் துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கறுத்துப் போகும். அக்காலத்தில் கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி சேர்த்து எழுதும் மை செய்தார்களே, அதே வேதியியல்தான் இங்கும்!

கழுவியபின் இரண்டு மூன்று நாட்கள் நன்கு உலர வேண்டும். பிறகு 80 எண் உப்புத்தாளால், மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் சாயம் ஏறியதும் ஒவ்வொரு கீறலும் பளிச்சென்று தெரியும். மிக நைசாகத் தேய்த்தாலும் தவறு. மரம் சாயத்தைக் குடிக்காது.

தளம் தயாரா என்று அறிய ஒரு சோதனை உண்டு. சில துளி நீரை விடுங்கள். சில நிமிடங்களில் ஊறினால் தயார். முத்து முத்தாக நின்றால் இன்னும் ஏதோ பூச்சோ ஈரமோ இருக்கிறது என்று பொருள்.

பூசும் முறை

1. மறைவான மூலையில் சிறிது பூசி, நிறத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.
2. நிறத்தூள் டப்பாவின் அடியில் தங்கும். அடிக்கடி கலக்க வேண்டும்.
3. உச்சி வெயிலில் பூசலாகாது. ஊறுமுன் காய்ந்து திட்டுத் திட்டாகும்.
4. இரண்டு மூன்று பலகைகளை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை முடித்த பிறகே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். நடுவில் நிறுத்தினால் அங்கே ஒரு கோடு விழும்.
5. பலகையின் வெட்டு முனைகள் நீரை அதிகம் உறிஞ்சும். அவற்றுக்கு மறவாமல் இருமுறை பூச வேண்டும்.
6. சுமார் 15 நிமிடம் கழித்து, ஊறாமல் மேலே நிற்பதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் பல நாட்கள் பிசுபிசுக்கும்.

தூர மூலையில் தொடங்கி வாசற்படியில் முடிப்பதே முறை. நாங்கள் முதல் நாள் வாசற்படியில் தொடங்கிவிட்டு, மூலையில் சிக்கி, சாயம் உலரும்வரை சிறை இருந்தோம்!

மறக்கக் கூடாத பாடம்

வேலை முடிந்த மாலையில், துடைத்த துணிகளைச் சுருட்டி ஒரு வாளியில் போட்டுவிட்டுக் காப்பி குடிக்கச் சென்றோம். சற்று நேரத்தில் தோழியின் பாட்டி, "என்னடி பொசுங்குற நாத்தம்?" என்று குரல் கொடுத்தார். வாளியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. தீப்பெட்டியை யாரும் தொடவில்லை. பாட்டி உடனே தண்ணீரை ஊற்றினார். அன்று அவர் கவனித்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போது இன்றும் நடுங்குகிறோம்.

காரணம் இதுதான். பல மரச்சாயங்களில் ஆளிவிதை எண்ணெய் உண்டு. அது தண்ணீர் போல ஆவியாகி உலர்வதில்லை; காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடிக் கெட்டியாகிறது. அப்போது வெப்பம் வெளிப்படுகிறது. விரித்த துணியில் அவ்வெப்பம் காற்றோடு போய்விடும். சுருட்டிய துணியில் உள்ளேயே தங்கி, ஏறி ஏறி, தானே தீப்பற்றும். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1991 பிப்ரவரி 23 அன்று, 38 மாடிகள் கொண்ட ஒன் மெரிடியன் பிளாசா கட்டடத்தின் 22-ஆம் மாடியில் இவ்வாறே தீ மூண்டது. மரப்பலகைகளுக்கு மெருகேற்றியவர்கள் விட்டுச் சென்ற எண்ணெய்த் துணிகளே காரணம். தீயணைப்பு வீரர் மூவர் உயிரிழந்தனர்.

ஆகவே, துடைத்த துணிகளை ஒவ்வொன்றாக வெட்டவெளியில், கல் தரையில் விரித்து, விறைக்கும்வரை உலர விடுவோம். அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் நீர் நிரப்பி அதில் அமிழ்த்தி வைப்போம். குப்பைக் கூடையில் ஒருபோதும் போட வேண்டாம்.

அத்தளம் இன்று தேன் நிறத்தில் மின்னுகிறது. மழைத்துளி அதன்மேல் முத்தாக உருள்கிறது. அதைப் பார்க்கும் போதெல்லாம் அந்த வாளியும் எங்கள் நினைவுக்கு வருகிறது. தோழியரே, சாயம் உலர்ந்தால் மட்டும் வேலை முடிந்துவிடாது. கடைசித் துணியையும் விரித்த பிறகே அது முடிகிறது.