சைக்கிள் டயருக்கு எவ்வளவு காத்து?

தோட்டங்களில் இப்போது கியர் போட்ட மவுண்டன் சைக்கிள் நிறையவே ஓடுகிறது. 2022ஆம் ஆண்டு பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் வாங்கியவர்களும் உண்டு. செயினுக்கு எண்ணெய் விடுகிறோம், பிரேக் பார்க்கிறோம். டயரை மட்டும் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கி, "கல்லு மாதிரி இருக்கு" என்று ஏறிப் போய்விடுகிறோம். அந்த விரலை நம்ப முடியாது. மவுண்டன் டயரின் ரப்பர் தடிப்பு. 35 இருந்தாலும் 50 இருந்தாலும் விரலுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

35, 50 என்பது என்ன கணக்கு? டயரின் பக்கவாட்டைத் துடைத்துப் பாருங்கள். பி.எஸ்.ஐ. என்ற எழுத்தோடு எண் பதிந்திருக்கும். ஒரு சதுர அங்குல இடத்தை உள்ளே இருக்கும் காத்து எத்தனை இறாத்தல் பாரத்தோடு தள்ளுகிறது என்பதுதான் அது. நாம் பாண் வாங்கும் அதே இறாத்தல்தான். 40 என்றால் ஒரு முத்திரை அளவு இடத்தின் மேல் ஏறக்குறைய 18 கிலோ கொழுந்தை ஏற்றி வைத்தது போல.

சாதாரணமாக 40 – 65 என்று இரண்டு எண் இருக்கும். உங்கள் டயரில் வேறாகவும் இருக்கலாம், அதையே பாருங்கள். மேல் எண் வரைக்கும் அடிக்க வேணும் என்று பலபேர் நினைக்கிறார்கள். அது தாண்டக்கூடாத எல்லை, அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக் கீழ் எண்ணை ஒட்டியே போதும். மாவு மூட்டை கட்டிக்கொண்டு வரும் பெரியவருக்கு நடு அளவு வேணும். பின் சில்லுதான் அதிக பாரம் சுமக்கிறது, அதற்கு முன் சில்லைவிட 3, 4 கூட்டி வைக்கலாம்.

காத்து குறைந்தால் வளைவில் டயர் நெளியும். கல் விளிம்பில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் நசுங்கி, பக்கத்துப் பக்கமாக இரண்டு ஓட்டை விழும். அப்படி விழுந்திருந்தால் முள்ளைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், காத்துதான் காரணம். வால்வு சாய்ந்து நின்றாலும் கவனியுங்கள். டயர் ரிம்மில் வழுக்கி நகர்ந்திருக்கிறது.

அளவுக்கு மீறினாலும் ஆபத்துதான். டயர் கல்லில் துள்ளும். மழையில் பாசி பிடித்த கொங்கிரீட் இறக்கத்தில் பிடிப்பே இருக்காது. கீழ் டிவிசனில் ஒரு தம்பி கொண்டை ஊசி வளைவில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டான். பிரேக் கட்டை புதுசு, டயரோ 65க்கும் மேலே!

அளப்பது காலையில், ஓட்டுவதற்கு முன். வெயிலில் நின்ற டயர் கூடுதலாகக் காட்டும். 10 பாகை சூடு ஏறினால் 2 பி.எஸ்.ஐ. அளவு கூடும். மோட்டார் சைக்கிள் போன்ற தடித்த வால்வு என்றால் ஆட்டோக்காரர் வைத்திருக்கும் கேஜே போதும். மூடியைக் கழற்றி, நேராகச் சட்டென்று அழுத்துங்கள். சரித்து அழுத்தினால் 'உஸ்' என்று காத்துப் போய்விடும், எண்ணும் பிழைக்கும். பிறகு வால்வு வாயில் எச்சில் வைத்துப் பாருங்கள், குமிழி வந்தால் கசிவு. ஓட்டையே இல்லாத டியூபிலும் காத்து மெல்ல மெல்லக் குறையும், ஆகவே கிழமைக்கு ஒரு தடவை பார்க்க வேணும்.

பெற்றோல் ஷெட்டில் அடித்தால் கவனம். சைக்கிள் டயர் சிறியது, சில விநாடியிலேயே வெடிக்கும் அளவுக்கு ஏறிவிடும். கொஞ்சம் விட்டு, அளந்து, மறுபடி விடுங்கள். பிள்ளைகளை அந்தக் குழாயைத் தொட விடாதீர்கள்.

கேஜ் இல்லாதவர்கள் நலன்புரி காரியாலயத்துக்குச் சைக்கிளைக் கொண்டு வாருங்கள், அளந்து தருகிறோம்.