கண்ணாடித் தொட்டி மீன் வளர்ப்பு: கடனுக்கு முன் ஒரு பாடம்



வண்ண மீன் வளர்க்கலாமா, அதற்குக் குழுவில் கடன் கேட்கலாமா என்று கூட்டங்களில் பல சகோதரிகள் கேட்கிறார்கள். நல்ல யோசனைதான். சென்னை கொளத்தூர் பகுதியில் வீட்டுக்குப் பின்னாலும் மொட்டை மாடியிலும் தொட்டி கட்டி, வண்ண மீன் வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைய உண்டு. நம் பாண்டி டவுனிலும் மீன் தொட்டிக் கடைகள் இருக்கின்றன.

அரசு உதவியும் உண்டு. 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், வீட்டுப் புறக்கடை வண்ண மீன் வளர்ப்புக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பு வைத்தார்கள். பெண்களுக்கு அதில் 60 சதவீதம் மானியம். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3 லட்சத்தில் 1,80,000 மானியம் வந்தாலும் மீதி 1,20,000 ரூபாய் நம் தலையில்தான். மீன் ஒரே வாரத்தில் செத்து மிதந்தால் தவணை நிற்காது. வாராவாரம் கட்டத்தான் வேண்டும். நாம் கட்டவில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மற்ற சகோதரிகளும் பதில் சொல்ல வேண்டும். அதனால் கடனுக்கு முன் ஒரே ஒரு தொட்டி வைத்து 45 நாள் பழகுங்கள் என்கிறோம்.

மீன் ஏன் சாகிறது?

"காலையில நல்லா நீந்திச்சு, சாயங்காலம் செத்துப்போச்சு. தீனி கூட நிறைய போட்டேனே" என்று சொல்வார்கள். அந்த நிறைய போட்ட தீனிதான் காரணம். தொட்டி மீன் பட்டினியால் சாவது குறைவு, அதிகத் தீனியால் சாவதுதான் அதிகம்.

மீன் கழிவிலிருந்தும், அழுகும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா என்ற நச்சு தண்ணீரில் சேருகிறது. கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் தெளிவாகவே இருக்கும். இந்த நச்சைத் தின்று கரைக்கும் நல்ல நுண்ணுயிர்கள் தொட்டிக் கல்லிலும் வடிகட்டிப் பஞ்சிலும் வளர வேண்டும். உறை ஊற்றினால்தானே பால் தயிராகும்? அதற்கும் நேரம் வேண்டும். அதேபோல் புதுத் தொட்டி பக்குவப்பட 4 முதல் 6 வாரம் ஆகும். முதல் நாளே ஐம்பது மீன் வாங்கி விட்டால் அந்தத் தண்ணீரே அவற்றுக்கு விஷம்.

தொட்டியும் தண்ணீரும்

1. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி போதும். ஏறக்குறைய 50 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 50 கிலோ கனம், அதனால் ஆடாத மேசை வேண்டும். நேர் வெயில் படும் இடம் வேண்டாம், பாசி பிடிக்கும்.

2. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அகலமான டப்பில் ஊற்றி 24 மணி நேரம் வைத்து, பிறகு தொட்டியில் விடுங்கள். டப்பை மெல்லிய துணியால் மூடுங்கள், இல்லையென்றால் கொசு முட்டையிடும்.

3. வாரம் ஒரு முறை நாலில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள். சின்ன ட்யூப் வைத்து அடியில் கிடக்கும் கசடோடு உறிஞ்சி எடுங்கள். மொத்தத் தண்ணீரையும் கொட்டிக் கல்லைச் சோப்புப் போட்டுக் கழுவினால் நல்ல நுண்ணுயிரும் போய்விடும். பஞ்சையும் தொட்டியில் எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள்.

4. தொட்டிக்குள் கை விடும் முன் காற்று மோட்டார் பிளக்கைப் பிடுங்குங்கள். மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள்.

எந்த மீன்?

பழகுவதற்குக் கப்பி, மோலி, பிளாட்டி நல்லது. இவை குட்டி போடும் மீன்கள். நம் கடலோரப் பக்கம் பல போர்களில் தண்ணீர் உவர்ப்பாக வருகிறது. மோலி லேசான உப்பைத் தாங்கும். முதலில் ஆறு மீன் விடுங்கள். வாங்கிய கவரை அப்படியே தொட்டியில் 15 நிமிடம் மிதக்க விட்டு, பிறகு மீனை விடுங்கள். பின்னால் வாங்கும் மீன்களை இரண்டு வாரம் தனி டப்பில் வைத்துப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். வெள்ளைப்புள்ளி நோய் பெரும்பாலும் புது மீனோடுதான் வருகிறது. கோல்டுபிஷ் அழகுதான், ஆனால் பெரிதாக வளரும், கழிவும் அதிகம். வட்டக் கண்ணாடிக் கிண்ணத்தில் அதை வைப்பது அதற்குச் சிறை.

தீனி எவ்வளவு?

காலை, மாலை இரண்டு வேளை. இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு மட்டும். விரல் நுனியில் எடுக்கும் சிட்டிகை போதும். நம்மைப் பார்த்ததும் மீன் ஓடி வருவது பழக்கத்தால், எப்போதும் பசியால் அல்ல. வளர்ந்த மீனுக்கு வாரம் ஒரு நாள் தீனி இல்லாமல் விட்டாலும் ஒன்றும் ஆகாது.

கடைத் தீனி வாங்கலாம். வீட்டிலும் செய்யலாம். மல்லாட்டைப் பிண்ணாக்கு, தவிடு, உப்புப் போடாத காய்ந்த மீன்தூள் மூன்றும் சம அளவு எடுத்து, ஒரு கை மைதா சேர்த்துப் பிசைந்து ஆவியில் வேக வையுங்கள். இடியாப்ப அச்சில் பிழிந்து, நன்றாகக் காயவைத்து, நொறுக்கி டப்பாவில் போடுங்கள். பூஞ்சை பிடித்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். உப்புக் கருவாடு, சோறு, பிஸ்கட் போடக்கூடாது.

கப்பிக்குக் கொசுப்புழு விருந்து. அதனால்தான் கொசு ஒழிப்பு வேலையிலும் கப்பியைப் பயன்படுத்துகிறார்கள். கொசு பரப்பும் நோய்களை ஆராயும் மத்திய அரசு மையம் 1975-ல் தொடங்கி நம் புதுச்சேரியிலேயே இருக்கிறது. ஆனால் தீனிக்காக என்று வாளியில் கொசு வளர்க்காதீர்கள். வீட்டுக்கே காய்ச்சல் வரும். சாக்கடைப் புழுவும் வேண்டாம், நோய் கொண்டுவரும்.

குட்டி போட்டால்

கப்பி ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒரு முறை குட்டி போடும். தாயே குட்டியைத் தின்னும். நீர்ச்செடிக் கொத்து போட்டு வையுங்கள், குட்டிகள் ஒளிந்துகொள்ளும். பிறகு தனி டப்புக்கு மாற்றி, அவித்த முட்டை மஞ்சள் கருவைத் துணியில் வைத்துத் துளித்துளியாகப் பிழிந்து நாள் ஒன்றுக்கு மூன்று வேளை கொடுங்கள். மிச்சத்தை உடனே எடுத்துவிடுங்கள்.

மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அது பசி அல்ல, மூச்சுத் திணறல். தீனியை நிறுத்துங்கள். நாலில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். காற்று மோட்டார் ஓடுகிறதா பாருங்கள்.

வேண்டாத மீனை ஏரியில் விடாதீர்கள்

"பாவம், உசிரோட போகட்டும்" என்று ஏரியிலோ வாய்க்காலிலோ விடுவது புண்ணியம் அல்ல. தொட்டி துடைக்க வாங்கும் சக்கர் மீன் இப்படித்தான் தமிழ்நாட்டு ஏரிகள் பலவற்றில் பெருகி, மீனவர் வலையைக் கிழிக்கிறது. ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் நம் சொத்து. வேண்டாத மீனைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

45 நாள் நோட்டு

குழுவுக்கு ஒரு தொட்டி, ஒரு நோட்டு. தினம் தீனி போட்டவர் பெயர், எத்தனை வேளை, தண்ணீர் மாற்றிய தேதி, செத்த மீன், பிறந்த குட்டி, செலவு எல்லாம் எழுதுங்கள். இந்த 45 நாளில் தண்ணீரும் பக்குவப்படும், ஒரு முறை குட்டியும் பார்த்துவிடலாம். அதற்குள் இரண்டு மூன்று கடைகளில் கேட்டு, எந்த மீனை என்ன விலைக்கு எடுப்பார்கள் என்பதையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள். கடன் விண்ணப்பத்தோடு அந்த நோட்டையும் ஊக்குநர், பிரதிநிதி முன்னால் வைக்க வேண்டும்.

குழுக் கூட்டத்தில் பேச:

1. நம் வீட்டுத் தண்ணீர் குழாயா, போரா? உப்பு எப்படி?
2. வெளியூர் போகும் நாளில் தீனி போடும் பொறுப்பு யாருக்கு?
3. வாங்கும் கடை எது என்று தெரியாமல் கடன் எடுக்கலாமா?
4. பாதி மீன் செத்தால் அந்த மாதத் தவணை எங்கிருந்து வரும்?

நான்காவது கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகு கடன் தீர்மானம் எழுதுங்கள்.